முதலாண்டு மாணவர், வயது 20: கல்லூரி ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் முதலாண்டு வீரர்களின் வயது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, ஒரு ஆட்டத்தில் முதலாண்டு மாணவர் என்று காட்டிய வீரருக்கு வயது 20. படிப்பில் பின்தங்கியவரா?

இல்லை தம்பி, அங்கே அதுதான் வழக்கம். கூடைப்பந்து ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி முடித்த கையோடு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஹாக்கிப் பையன்கள் பலர் நடுவில் ஒன்றிரண்டு வருடம் ஜூனியர் லீக்கில், அதாவது 20 வயதுவரையிலான பையன்களுக்கான போட்டித் தொடரில், ஆடிவிட்டுத்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் யுஎஸ்எச்எல், என்ஏஎச்எல், கனடாவில் பிசிஎச்எல் என்று பல லீக்குகள் உண்டு. சொந்த ஊரைவிட்டு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, மணிக்கணக்காக பஸ்ஸில் போய் ஆட வேண்டும். யுஎஸ்எச்எல்லில் ஒரு சீசனுக்கு 62 ஆட்டம். கல்லூரியில் 40 தாண்டுவதே அபூர்வம், அதுவும் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில்தான்.

அதனால் 20 வயதில் வருகிறவன் நூறு ஆட்டங்களுக்கு மேல் பார்த்துவிட்டு வருகிறான். பள்ளியிலிருந்து நேராக வருகிற பையன், ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவர் ஓரத்தில் 23 வயது நான்காம் ஆண்டு மாணவனோடு மோத வேண்டியிருக்கும். திறமை இருந்தாலும் உடம்பு ஈடுகொடுக்காது. இந்த இரண்டு வருடத்தை வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது அந்தப் பையன்கள் உழைத்த காலம்.

துபாய் வாசகர்: அப்படியானால் 25 வயதுவரை ஜூனியரில் ஆடிவிட்டு வரலாமா?

முடியாது. ஜூனியர் லீக்குகளே 20 வயதுக்காரர்களோடு நின்றுவிடும். 21ஆவது பிறந்தநாளுக்குப் பிறகும் கல்லூரியில் சேராமல் ஆடிக்கொண்டிருந்தால், கல்லூரியில் ஆடும் ஆண்டுகள் குறையும் என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் ஹாக்கியில் நெடுங்காலமாக உள்ள விதி. இந்த வரம்பை 20 ஆக்க வேண்டும் என்று பிக் டென் என்ற கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்கள் முன்பு முயன்றன, 2016இல் அது தோற்றுப்போனது. தோற்றது நல்லது என்பேன். தாமதமாக வளர்கிற பையனுக்கு இருக்கிற ஒரே கதவு அது.

சிங்கப்பூரிலிருந்து ஒரு ரசிகர்: ஆனால் கனடா வீரர் மேக்லின் செலப்ரினி கல்லூரி ஹாக்கியில் 17 வயதில் கலக்கினாரே?

ஆமாம், மனசு நிறைய ரசித்த சீசன் அது. 2023-24இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 38 ஆட்டங்களில் 32 கோல், 32 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்). சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதும் அவருக்கே. அதை முதலாண்டிலேயே வாங்கியவர்கள் அதுவரை மூன்றே பேர்: பால் கரியா, ஜாக் ஐக்கல், ஆடம் ஃபன்டிலி. ஒன்றைக் கவனியுங்கள். அவரும் பள்ளியிலிருந்து நேராக வரவில்லை. முந்தைய வருடம் சிகாகோ ஸ்டீல் அணிக்காக யுஎஸ்எச்எல்லில் 50 ஆட்டம் ஆடி, 86 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்துவிட்டுத்தான் வந்தார்.

அதே ரசிகர்: சரி, இளம் அணி ஜெயிக்குமா, மூத்த அணி ஜெயிக்குமா?

2024 கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள், பாஸ்டன் காலேஜும் (செலப்ரினியின் பாஸ்டன் பல்கலைக்கழகம் வேறு) டென்வர் பல்கலைக்கழகமும் மோதின. பாஸ்டன் காலேஜின் முதல் தாக்குதல் வரிசையில் ஸ்மித், லெனர்ட், பெரோ மூவரும் முதலாண்டு மாணவர்கள். சீசன் முழுக்க யாராலும் அடக்க முடியாத வரிசை அது. டென்வர் 2-0 என்று ஜெயித்தது. அதன் கோல்கீப்பர் மேட் டேவிஸ் 35 ஷாட்டுகளைத் தடுத்தார், அவர் மூன்றாம் ஆண்டு. ஆனால் அதே டென்வரின் தற்காப்பில் தூணாக நின்ற சீவ் பூயியம் 18 வயது முதலாண்டு மாணவர். வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

சென்னையிலிருந்து ஒரு சகோதரி: பெண்கள் அணியிலும் இப்படித்தானா?

இல்லை. பெண்களுக்கு இதுபோன்ற ஜூனியர் ஏணி கிடையாது. பெரும்பாலும் 18 வயதில் நேராகக் கல்லூரிதான்.

மார்க்கமிலிருந்து ஒரு அம்மா: என் மகனுக்கு 16 வயது. ஓஎச்எல் என்ற ஜூனியர் லீக்கின் அணி ஒன்று கூப்பிடுகிறது. போனால் அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

அக்கா, அது பழைய கதை. கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளான ஓஎச்எல், டபிள்யூஎச்எல், கியூபெக் லீக் மூன்றில் எதில் ஆடியவர்களையும் தொழில்முறை வீரர்களாகக் கருதி என்சிஏஏ ஒதுக்கிவைத்திருந்தது. வீரர்களுக்கு மாதப்படி தருவதும், என்எச்எல் என்ற தொழில்முறை லீக்கோடு ஒப்பந்தம் போட்டவர்கள் அங்கே ஆடுவதும்தான் காரணம். 2024 நவம்பரில் விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. டபிள்யூஎச்எல்லின் மெடிசின் ஹாட் அணியிலிருந்து கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது இப்படித்தான். ஆனால் மகன் என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கல்லூரி வழி அடைபடும். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன்னும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இந்த மாற்றத்தால் இடத்துக்குப் போட்டி கூடிவிட்டது. 68 ஆட்ட சீசன்களைப் பார்த்த கனடியப் பையன்கள் வரும்போது, முன்பு 20 வயதில் இடம் பிடித்தவர்களுக்கு நெருக்கடி. அப்புறம், படிப்பு. என்சிஏஏவின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 4க்குக் குறைந்தது 2.3 சராசரியும் வேண்டும். கணக்கு 9ஆம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. அணி அவனை வேறு ஊருக்கு அனுப்பி, பள்ளி மாறினால் பாடங்கள் விட்டுப்போகும். இந்த வாரமே பள்ளி ஆலோசகரைப் பார்த்து, எத்தனை பாடம் முடிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.