நமத்துப் போகாத தீக்குச்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தீப்பெட்டியை நான் நனையவே விட்டதில்லை. அவசரத்துக்கென்று அலமாரியில்தான் வைத்திருந்தேன். தேவைப்பட்ட நேரத்தில் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. ஏன்?

காற்றில் இருக்கும் ஈரமே போதும், குச்சி நமத்துவிடும். ஆனால் குச்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டியின் பக்கத்தில் இருக்கும் உரசுபட்டையையும் பாருங்கள். வழக்கமான தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து. பற்றவைக்கும் சிவப்பு பாஸ்பரஸ் இருப்பதோ பட்டையில். இப்படி இரண்டையும் பிரித்து வைத்ததுதான் பாதுகாப்பு. 1844-லேயே ஸ்வீடனில் குஸ்டாஃப் எரிக் பாஷ் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இரண்டில் எது கெட்டாலும் தீ வராது.

மருந்தைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது நீரில் இளகும் பசை. ஈரம் ஏறினால் தலை மெத்தென்று ஆகிவிடும். பட்டையிலுள்ள சிவப்பு பாஸ்பரஸும் ஈரக்காற்றில் மெல்ல மெல்ல அமிலமாக மாறும், அந்த அமிலம் மேலும் ஈரத்தை இழுக்கும். எது கெட்டது என்று கண்டுபிடிப்பது எளிது. உரசும்போது மருந்து பிய்ந்து பட்டையில் கோடாக ஒட்டிக்கொண்டால் குச்சி நமத்திருக்கிறது. தலை அப்படியே இருக்க, குச்சி வழுக்கிக்கொண்டே போனால் கோளாறு பட்டையில். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: நல்ல பட்டை சொரசொரவென்று இருக்கும், கெட்டது பிசுபிசுவென்று நகத்தில் ஒட்டும்.

கேள்வி: அப்படியானால் எதில் போட்டு வைப்பது?

திருகு மூடியும், மூடிக்குள் ரப்பர் வளையமும் உள்ள சிறிய டப்பா. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி இல்லை. அழுத்தி மூடும் டப்பாக்கள் பைக்குள் நசுங்கும்போது திறந்துகொள்ளும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையை இரண்டாவது காப்பாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்ப வேண்டாம், மடிப்பில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்கே தெரியாது.

டப்பாவை வாங்கியதும் சோதித்துவிடுங்கள். உள்ளே உலர்ந்த டிஷ்யூ தாளை வைத்து மூடி, தண்ணீருக்கு அடியில் இருக்கும்படி மேலே கனம் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி இடுக்கில் தங்கிய நீர் உள்ளே சொட்டி உங்களைக் குழப்பும். தாளில் ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் அந்த டப்பா வேண்டாம்.

பட்டையை மறக்காமல் வெட்டி உள்ளே வையுங்கள். நல்ல டப்பா, நல்ல குச்சி எல்லாம் இருந்தும், பட்டை இல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். அதே சமயம் மருந்துத் தலை பட்டையில் உரசும்படி சும்மா போட்டு வைக்கவும் கூடாது, பையின் குலுக்கலில் பற்றிக்கொள்ளலாம். பட்டையைத் தனியாக ஒரு சின்ன உறையில் சுற்றி வையுங்கள். குச்சிகள் ஆடாமல் இருக்க மேலே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். தீ மூட்டும்போது அந்தப் பஞ்சும் உதவும்.

கேள்வி: குச்சியை மெழுகில் முக்கி எடுத்தால் போதும் என்கிறார்களே?

நல்ல வழிதான், ஆனால் டப்பாவுக்கு மாற்று அல்ல. மெழுகை நேரடியாக அடுப்பில் உருக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். பாரஃபின் மெழுகு கொதிநீர்ச் சூட்டுக்கு முன்பே உருகிவிடும், மருந்து பற்றும் சூடு அதைவிட வெகு அதிகம். குச்சி நன்றாகக் காய்ந்திருக்கும்போதே முக்க வேண்டும். ஈரக் குச்சியை முக்கினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவீர்கள். தலையும் அதற்குக் கீழே கொஞ்சம் மரமும் நனைந்தால் போதும், உடனே எடுத்துவிடுங்கள். பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும்.

பலர் தடுமாறுவது உரசும்போதுதான். தலையின் நுனியில் உள்ள மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகே உரசுங்கள். இல்லாவிட்டால் மெழுகு பட்டையில் பூசிக்கொண்டு அடுத்த குச்சியையும் கெடுக்கும். இந்த ஒரே காரணத்தால்தான் நான் டப்பாவை முதலில் சொல்கிறேன். குளிரில் விரல் மரத்துப்போன ஒருவரால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. நெயில் பாலிஷும் நீரைத் தடுக்கும், ஆனால் பூசும்போது பக்கத்தில் தீ இருக்கக் கூடாது.

கேள்வி: டப்பாவுக்குள் அரிசி போடலாமா, சிலிக்கா ஜெல் போடலாமா?

சிலிக்கா ஜெல். அரிசி அந்த அளவுக்கு ஈரத்தை இழுக்காது. ஆனால் ஜெல் பொட்டலம் ஓட்டை டப்பாவைக் காப்பாற்றாது, மூடும்போது உள்ளே மாட்டிய ஈரத்தை மட்டும்தான் எடுக்கும்.

கேள்வி: நனைந்த குச்சியைக் காய வைத்தால் மறுபடியும் எரியுமா?

லேசாக நமத்திருந்தால் எரியும். தண்ணீரில் ஊறிவிட்டது என்றால் நம்ப வேண்டாம், மருந்தில் கொஞ்சம் கரைந்தே போயிருக்கும். காய வைக்கும்போது ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் விடுங்கள். அடுப்புப் பக்கத்தில், மைக்ரோவேவில் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் தலையைப் பாருங்கள்: வெடிப்பு விட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், உரசும்போது எரியும் துண்டு தெறித்துக் கண்ணில் விழலாம். தப்பிய குச்சிகளை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவசரப் பைக்குப் புதியவை போகட்டும்.

கேள்வி: பட்டை கெட்டுவிட்டால் கல்லில் உரசிப் பற்றவைக்க முடியாதா?

எங்கு உரசினாலும் பற்றும் வகைக் குச்சிக்கு முடியும், ஏனென்றால் அதன் தலையிலேயே பாஸ்பரஸ் சேர்மம் இருக்கிறது. அதனாலேயே அவற்றை இறுக்கமாக, தலைகள் ஒன்றோடொன்று உராயாதபடி வைக்க வேண்டும். சாதாரணக் குச்சியைக் கல்லில் உரசினால் மருந்துதான் வீணாகும். கூடுதலாக ஒரு பட்டையை வைத்துக்கொள்வதுதான் வழி.

கேள்வி: லைட்டர் இருக்கும்போது தீக்குச்சி எதற்கு?

இரண்டும் வேண்டும். லைட்டர் நனைந்தாலும் ஊதிக் காய வைத்து ஓட்டிவிடலாம், அது அதன் பலம். ஆனால் கடும் குளிரில் அதற்குள் இருக்கும் பியூட்டேன் என்ற எரிபொருள் சரியாக ஆவியாகாது, சட்டைக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டியிருக்கும். பையில் அழுந்தி வாயு கசிந்து தீர்ந்துபோவதும் உண்டு. குச்சிக்கு அந்தத் தொல்லை இல்லை.

எதை எடுத்தாலும், உரசுவதற்கு முன்னால் காய்ந்த சுள்ளி, நார், பஞ்சு எல்லாவற்றையும் கை எட்டும் இடத்தில் தயாராக அடுக்கிவிடுங்கள். ஒரு குச்சி எரிவது சில நொடிகள்தான், குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு சுள்ளி தேட நேரம் இருக்காது. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உரசியதும் தலையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். சுடர் மேலேறி மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.