அடியில் விரிசல்: குறை மண்ணில் இல்லை

தண்டையார்பேட்டை மண்பாண்ட வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது, செய்த கிண்ணமெல்லாம் காயும்போது அடியில் 'எஸ்' மாதிரி விரிசல் விடுகிறது, மண் மட்டமா என்று கேட்டிருந்தீர்கள். மண்ணைத் திட்டாதீர்கள். எனக்கும் முதல் பத்துக் கிண்ணம் அப்படித்தான் போனது.

சக்கரத்தில் சுவரை இழுக்கும்போது அந்த மண் தானாகவே அழுந்திவிடும். அடிப்பகுதியை யாரும் அழுத்துவதில்லை. அதனால் மண் உருண்டையின் நடுவில் குழி திறந்ததுமே, நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்குமாக நாலைந்து தடவை விரலால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது அடி சுவரைவிடத் தடியாக இருக்கக் கூடாது.

அப்புறம் காயவைப்பது. ஃபேனுக்கு அடியில் வைக்கிறீர்களோ என்று சந்தேகம். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், ஈரமான அடி பின்னால் சுருங்கி நடுவில் பிளக்கும். பிளாஸ்டிக் கவரால் தளர்வாக மூடுங்கள். தோல் பதம் (தோல் மாதிரி இறுகி, உள்ளே இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும் நிலை) வந்ததும் கவிழ்த்து வையுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, சூளைக்கு அனுப்பாதீர்கள்.

விரிசல் விட்டதை ஒட்டுப் போட வேண்டாம், சூளையில் மறுபடி திறக்கும். முழுக்கக் காயவிட்டு உடைத்து வாளித் தண்ணீரில் போட்டால் கூழாகக் கரைந்துவிடும், அதே மண்ணில் அடுத்த கிண்ணம் செய்யலாம்.

நேரம் கிடைத்தால் கொசப்பேட்டைப் பக்கம் போய் விநாயகர் பொம்மை செய்பவர்களின் கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.