தேயிலை நாற்றங்காலிலிருந்து பவளத் தோட்டத்துக்கு

அன்புள்ள அம்மா,

கோத்தகிரியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “நீச்சல்கூடத் தெரியாத என் மகள், கடலில் பவளப்பாறை வளர்க்கப் போகிறேன் என்கிறாள். இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவருக்கு வரவேண்டிய கவலைதான்.

அந்த வேலை உங்களுக்கு அவ்வளவு அந்நியமானது அல்ல. ஓர் இலையும் சிறு தண்டுமாகத் தேயிலைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டி, பையில் ஊன்றி, நிழல் கொடுத்து வேர்விட வைக்கிறீர்களே, மன்னார் வளைகுடாவில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். உயிருள்ள பவளத்தின் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி, சிதைந்த இடங்களில் கடலடியில் வைத்துப் பேணுகிறார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இதைச் செய்து வருகிறது.

அங்கே பவளம் அழிந்ததற்கு ஒரு கதை உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் நீரில் மூழ்கின. 2001இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; அவற்றை வெட்டுவதற்குத் தடை வந்தது. பிறகு வெப்பம் வந்தது. 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன.

உங்கள் மகள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இனிமேல்தான் வருகிறது. பவளம் வெட்டிய கைகளில் பல, கடற்கரைக் குடும்பங்களுடையவை. தடை வந்தபோது கூலி இழந்தவர்களும் அவர்களே. கடலடிப் பாறையைப் ‘பார்’ என்பார்கள். எந்தப் பாரில் எந்த மீன், எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கடற்பாசி எடுக்க மூழ்கும் பெண்களுக்கும் அந்த அறிவு உண்டு. அவர்களைக் கேட்காமல் வைத்த சிமெண்ட் சட்டத்தின்மேல் ஒரு நங்கூரம் விழுந்தால் போதும், ஆண்டுக்கணக்கான உழைப்பு போய்விடும். அவர்களைப் படகோட்டும் கூலிகளாக மட்டும் வைத்துக்கொள்ளும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. எங்கே நடுவது, எந்த இடத்தில் வலை போடாமல் விடுவது என்று முடிவெடுக்கும்போதே அவர்கள் உடன் இருக்க வேண்டும். மூழ்கத் தெரிந்த பட்டதாரிகள் கிடைப்பார்கள். கரையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் அரிது.

அதைப் பழக அவள் கடலுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே கீஸ்டோன் அறக்கட்டளை 1993 முதல் மலைப் பழங்குடியினரோடு பணியாற்றுகிறது. விடுமுறையில் அங்கே தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

படிப்புக்கு என் தேர்வு, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் இடம் தருகிறார்கள், நீட் தேவையில்லை. பவள வேலை அமையாவிட்டாலும் மீன்வளத் துறை, மீன் வளர்ப்பு என்று வேறு வழிகள் திறந்திருக்கும். வீட்டுக்கு அருகிலேயே படிக்கட்டும் என்றால், ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் சார்ந்த பட்டம் முடித்து, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் முதுகலைக்குப் போகலாம்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் பெரும்பாலும் திட்டம் முடியும்வரைதான் வேலை. நெட் போன்ற தேசியத் தேர்வில் தேறி ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால், 2023 முதல் இளநிலை உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நிரந்தரப் பணிக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்கு வீடு தாங்குமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

நீச்சலை இந்தக் கோடையிலேயே கோவையில் கற்றுக்கொள்ளட்டும். விண்ணப்பிக்கும் முன் அவளை ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊருக்கு அழைத்துப் போங்கள். பாசி எடுக்கும் பெண்களோடு ஒரு முற்பகல் இருந்துவிட்டு வாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். பிறகு விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.