பாய்மரத்தை நிமிர்த்துவது: சில கேள்விகள், பதில்கள்

டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகும் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் கேட்டவற்றில், பாய்மரத்தை ஏற்றி இறக்குவது பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். பலரும் இழுவிசையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது, மரம் பாதி வழியில் பக்கவாட்டில் சாய்வது. அந்தப் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பாய்மரம் 8 மீட்டர் நீளம், 25 கிலோ எடை. அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்றுகொண்டு, மரத்தின் மேல்பகுதியிலிருந்து அங்கே வரும் முன் கம்பியை இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது. இந்த எடைக்கே இப்படியா?

பிரச்சினை எடையில் இல்லை, இழுக்கும் கோணத்தில் இருக்கிறது. மரம் பின்பக்கமாகப் படுத்திருக்கும்போது முன் கம்பி, மரத்தின் அடி மடங்கும் இடமான கீலை (ஹிஞ்ச்) கிட்டத்தட்ட ஒட்டியே ஓடுகிறது. நீங்கள் இழுக்கிற இழுப்பெல்லாம் மரத்தைக் கீலோடு சேர்த்து நெருக்குகிறதே தவிர, மேலே தூக்குவதில்லை. இன்னும் பலமாக இழுத்தால் கீல்தான் கெடும்.

இதற்குத்தான் ஜின் போல் என்கிற தூக்குக்கம்பம். மரத்தின் அடிப்பகுதியில், மரத்துக்குச் செங்குத்தாக ஒரு அலுமினியக் குழாயை மாட்டுங்கள். அதன் நுனியை ஜிப் எனும் முன்பாயை ஏற்றும் கயிறான ஹால்யார்டால் மரத்தின் மேல்பகுதியோடு கட்டுங்கள். இப்போது மரம் படுத்திருக்க, கம்பம் நிமிர்ந்து நிற்கும். அதன் நுனியிலிருந்து அணியத்துக்குக் கப்பிகள் வழியாக இழுத்தால் மரம் எழும்.

உங்கள் மரத்தின் எடைமையம் நடுவில், கீலிலிருந்து 4 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து அணியம் வரை 2.5 மீட்டர். 2 மீட்டர் கம்பம் போட்டால் தொடக்கத்தில் கயிற்றில் சுமார் 64 கிலோ இழுப்பு வரும். மரம் 45 டிகிரிக்கு எழுந்ததும் அது 36 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். அதே இடத்தில் 1 மீட்டர் கம்பம் போட்டால் தொடக்க இழுப்பு 108 கிலோ.

அப்படியானால் கம்பம் நீளமாக நீளமாக நல்லதுதானே என்று தோன்றும். ஓர் எல்லை வரைதான். மரம் நிமிர்ந்ததும் கம்பம் தளத்தின் மேல் படுத்துவிடும். அதன் நுனிக்கும் அணியத்துக்கும் நடுவில், நெருங்கி வந்த இரண்டு கப்பிகளுக்கும் அரை மீட்டராவது இடம் விடுங்கள். விடாவிட்டால் கப்பிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், மரம் கடைசிச் சில டிகிரி வராமல் நின்றுவிடும், முன் கம்பியின் ஆணி துளைக்கு விரல் அகலம் எட்டாமல் போகும்.

கேள்வி: மெயின்ஷீட்டில் (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றில்) இருக்கும் நாலு மடங்கு கப்பித் தொகுதி போதுமா?

போதும். மேலே சொன்ன 64 கிலோ, கணக்குப்படி கையில் 16 கிலோ. உராய்வையும் சேர்த்தால் 20 கிலோ அளவில் இருக்கும், ஓர் ஆள் தாராளமாக இழுக்கலாம். கயிற்றின் நீளத்தை மட்டும் முதலில் அளந்து பாருங்கள். 2 மீட்டர் கம்பத்தின் நுனிக்கும் அணியத்துக்கும் தொடக்க தூரம் 3.2 மீட்டர். நாலு மடங்குக்கே 13 மீட்டர் போய்விடும், அதற்கு மேல் உங்கள் கை வரை வர வேண்டும். பாலியெஸ்டர் கயிறாக இருக்கட்டும். நைலான் இழுபடும், விட்டால் சுருங்கும், இந்த வேலைக்கு ஆகாது. கயிற்றைப் பற்களால் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். கால் பட்டால்கூட அதிலிருந்து கயிறு விடுபட்டுவிடும். கையை எடுப்பதற்கு முன் ஒரு கொம்புக் கிளீட்டில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏற்றும்போது மரம் இடமும் வலமும் ஆடுகிறது. பக்கக் கம்பிகளைப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன், ஆனாலும் ஆடுகிறது. கம்பிகளை இறுக்கலாமா?

இறுக்காதீர்கள். அது பயன் தராது. ஏன் என்று சொல்கிறேன்.

பெரும்பாலான சிறு படகுகளில் பக்கக் கம்பிகள் மாட்டும் தகடுகள் கீலுக்குக் கொஞ்சம் பின்னாலோ, கொஞ்சம் கீழேயோ இருக்கும். அப்படி இருந்தால், மரம் பின்பக்கம் படுத்திருக்கும்போது கம்பி மாட்டும் இரண்டு முனைகளுக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடும், கம்பி தொளதொளவென்று கிடக்கும். மரம் முழுக்க நிமிர்ந்த பிறகுதான் அது இறுகும். அதாவது, தேவைப்படும் நேரத்தில் அது வேலைக்கு வராது.

அந்த நேரத்தில் பக்கவாட்டு விசை முழுவதையும் தாங்குவது கீல் மட்டும்தான். கீலின் அகலம் 8 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 4 மீட்டர் உயரத்தில் வெறும் 5 கிலோ பக்கத் தள்ளல் வந்தால், கீலின் இரு பக்கமும் ஏறக்குறைய 250 கிலோ விசை விழும். பக்கத்தில் போகும் ஒரு மோட்டார் படகின் அலை போதும், தளத்திலிருந்து திருகாணிகளோடு கீல் பெயர்ந்து வர.

தீர்வு, பேபி ஸ்டே எனப்படும் இரண்டு துணைக் கயிறுகள். மரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து இரு பக்கமும் இறங்கும். இவற்றின் கீழ்முனை இருக்கும் இடம்தான் முக்கியம். கீல் ஆணியை இரு பக்கமும் நீட்டினால் ஒரு கற்பனைக் கோடு வரும் இல்லையா, அந்தக் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மரம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் கயிற்றின் நீளம் மாறாது, இறுக்கமும் மாறாது.

அந்தக் கோட்டில் தளத்தில் மாட்ட எதுவும் இருக்காது, பெரும்பாலும் வெறும் காற்றுதான். அதனால் ஓர் எஃகு வளையத்தை எடுத்து, முன்னும் பின்னும் கீழும் இருக்கும் உறுதியான பிடிமானங்களிலிருந்து குட்டைக் கயிறுகளால் கட்டி, வளையம் சரியாக அந்தக் கோட்டில் நிற்கும்படி செய்யுங்கள். மரத்தைப் படுக்க வைத்து, கீல் ஆணிக்கு நேராக ஒரு நூலை இரு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டினால் குழப்பம் வராது. தூக்குக்கம்பத்தின் நுனியிலிருந்து வரும் இரண்டு பக்கக் கயிறுகளையும் இதே வளையங்களில் கட்டுங்கள், கம்பமும் ஆடாது.

சரி, வளையம் இடம் மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மரத்தை மெதுவாக ஏற்றி, பேபி ஸ்டேயை விரலால் சுண்டிப் பாருங்கள். ஏற ஏற இறுகினால் வளையம் கோட்டுக்குப் பின்னாலோ கீழேயோ இருக்கிறது. தொய்ந்தால் முன்னாலோ மேலேயோ இருக்கிறது. இந்த ஒன்றுக்காக அரை நாள் செலவழித்தாலும் தகும். ஒருமுறை சரியாகக் கட்டி, முடிச்சுகளின் இடத்தில் மையால் குறித்துவிட்டால் அடுத்த தடவை யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: காட்டலீனா 22 வைத்திருக்கிறேன். மரத்தை இறக்கும்போது பாதியில் சிக்கி நிற்கிறது.

உங்கள் படகில் கீழ்ப் பக்கக் கம்பிகள் முன் இரண்டு, பின் இரண்டு. முன் இரண்டும் கீலுக்கு முன்னால் மாட்டப்பட்டவை, ஆகவே மரம் பின்னால் சாயச் சாய அவை இறுகும். இறக்குவதற்கு முன் அவற்றைக் கழற்றிவிடுங்கள். மற்றவை இருக்கட்டும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் ஒரு டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) வளைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

தொளதொளவென்று கிடக்கும் கம்பி, டர்ன்பக்கிளைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுகிறது. மரம் நிமிரும்போது அது தானாக எழும் என்று நினைக்கிறோம். எழாமல் தகட்டின் விளிம்பில் சிக்கிக்கொண்டால், மரத்தின் நெம்புகோல் பலம் முழுவதும் அந்த மெல்லிய மரையின் மேல்தான் விழும். டர்ன்பக்கிளுக்கும் தகட்டுக்கும் நடுவே இரு பக்கமும் மடங்கும் இணைப்பு, அதாவது டாகிள், போடுங்கள். அதோடு ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, டர்ன்பக்கிள் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும்படி செய்யுங்கள். வளைந்ததை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. கம்பிகள் கிளீட்டிலும், ஜன்னல் சட்டத்திலும், டிரெய்லர் மட்கார்டிலும் மாட்டிக்கொள்வது சகஜம். கையில் இழுப்பு திடீரென்று கூடினால் அப்படியே நிறுத்துங்கள். ஏதோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ‘இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம்’ என்ற நினைப்பே வரக் கூடாது.

கேள்வி: தனியாகக் கம்பம் வாங்காமல் பூமையே (பெரிய பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கம்பத்தையே) பயன்படுத்தலாமா?

தாராளமாக. பூம் கீலுக்கு மேலே மரத்தோடு இணைவதால் நுனி அதிகமாக அலையும், பக்கக் கயிறுகள் கட்டாயம். பூமின் இணைப்பு மெலிதான வார்ப்பாக இருந்தால் வேண்டாம்.

கேள்வி: ஃபர்லர் (முன்பாயைச் சுருட்டும் கருவி) இருக்கும் படகில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபர்லரின் அலுமினியச் சட்டம் ஒருமுறை மடிந்தால் பிறகு சரியாகாது. ஆகவே அதைப் பிடித்து இழுக்கவே கூடாது, தூக்குவது ஹால்யார்டு வழியாகத்தான். இரண்டாவது ஆள் இருந்தால் அவருக்கு ஒரே வேலை, சட்டத்தின் கீழ்முனையை நேராகத் தாங்கிக்கொண்டே முன்னால் நடப்பது.

கேள்வி: டிரெய்லர் வின்ச்சை (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவியை) கொண்டே ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம். ஆனால் சாதாரண ராட்செட் வின்ச்சில் இறக்கும்போது கைப்பிடி நழுவினால் அது சுழன்று விரலை உடைக்கும். தானே பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள வின்ச் என்றால் மட்டும் சரி என்பேன். டிரெய்லரை வண்டியில் மாட்டி, சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, படகைப் பின்பக்கமும் பட்டையால் கட்டிவிட்டு ஏறுங்கள். இல்லாவிட்டால் ஆள் பின்பக்கம் போனதும் டிரெய்லரின் முன்பக்கம் தூக்கிவிடும்.

கேள்வி: மின்கம்பிக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும்?

தலைக்கு மேலே மின்கம்பி தெரிகிற இடத்தில் மரத்தை ஏற்றாதீர்கள், படகைத் தள்ளிக் கொண்டுபோய் ஏற்றுங்கள். 3 மீட்டர் என்பது தாண்டவே கூடாத எல்லை, உயர் அழுத்தக் கம்பிக்கு அதுவும் போதாது. தொடாமலே மின்சாரம் பாயும், ஈரக் கயிறும் கடத்தும். ஹோபி 16 படகில் மரத்தின் உச்சியை அலுமினியத்தில் செய்யாமல் மின்சாரம் கடத்தாத இழைப் பொருளில் செய்தது இந்த ஆபத்துக்காகத்தான். ஏற்றிய பிறகு டிரெய்லரை நகர்த்தும் வழியையும் ஒருமுறை நடந்து, மேலே பார்த்துக்கொண்டே போய் வாருங்கள். ஒருவேளை பட்டுவிட்டால், படகில் இருப்பவர் இறங்கக் கூடாது, தரையில் இருப்பவர் படகையோ டிரெய்லரையோ தொடக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று என்று மின்துறை சொல்லும்வரை இப்படித்தான்.

கேள்வி: ஏற்றுவது எளிது, இறக்குவதுதான் பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். நிமிர்ந்த மரம் முதலில் நகராது, லேசாகப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். அப்புறம் தானாகச் சாயத் தொடங்கும், சாயச் சாயக் கயிற்றில் பளு ஏறிக்கொண்டே போகும். கை களைத்திருக்கும் கடைசிக் கட்டத்தில்தான் பளு மிக அதிகம். அதனால் தொடக்கத்திலிருந்தே கயிற்றைக் கிளீட்டில் ஒரு சுற்றுப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கையுறை அணிந்திருங்கள். மரம் விழும் பாதையில், காக்பிட்டில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. பின்பக்கத் தாங்கியின் கவையில் மரம் முழுதாக உட்கார்ந்து, அதைக் கட்டிய பிறகே கயிற்றைத் தளர்த்துங்கள்.