பிராண்டை விடுங்கள், எங்கே கட்டினார்கள் என்று பாருங்கள்

வெளிநாட்டு பிராண்ட் கார் பிடித்திருக்கிறது, ஆனால் அதை வாங்கினால் உள்நாட்டுத் தொழிலாளிக்குத் துரோகம் செய்வதுபோல் உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த உறுத்தல் நல்ல மனசுதான். ஆனால் முன்னால் ஒட்டியிருக்கும் சின்னம் வேறு, கார் உருவான இடம் வேறு. ஜப்பானிய டொயோட்டா தன் கேம்ரியை 1988 முதல் அமெரிக்காவின் கென்டக்கியில் கட்டுகிறது. அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே?

ஷோரூமில் முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அங்கே ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த 17 இலக்க அடையாள எண் ஒன்று தெரியும். அதன் முதல் எழுத்து 'ஜே' என்றால் கார் பெரும்பாலும் ஜப்பானில் உருவானது, 'டபிள்யூ' என்றால் ஜெர்மனியில். அப்புறம் இன்ஜினும் கியர்பாக்ஸும் எங்கிருந்து வருகின்றன என்று கட்டாயம் கேளுங்கள். வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவதைவிட அவற்றை இங்கேயே செய்வதில்தான் நிறையப் பேருக்கு வேலை கிடைக்கிறது.

பாதுகாப்பில் சுமாரான காரை மட்டும் தேசப்பற்றுக்காக வாங்காதீர்கள். அதில் போகப்போவது உங்கள் பிள்ளைகள்.