2 அங்குலத் தண்டுள்ள வேப்ப மரத்துக்குத் தாய்மண் எவ்வளவு இருக்க வேண்டும்?

ராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளி பக்கம் மணல் தரை, நர்சரியில் வளர்ந்த வேம்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், தாய்மண் (வேரோடு சேர்த்துத் தோண்டிச் சாக்கில் கட்டிய மண் உருண்டை) எந்த அளவில் இருந்தால் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறுக்களவு 24 அங்குலம், அதாவது 2 அடி. அதற்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். இது அமெரிக்க நர்சரிக்காரர்களின் இசட்60.1 என்ற தரத்தில் உள்ள கணக்கு. 1 அங்குலத் தண்டுக்கு 16, 3 அங்குலத்துக்கு 32, 4 அங்குலத்துக்கு 42. தண்டின் தடிமனைத் தரையிலிருந்து 6 அங்குல உயரத்தில் அளக்க வேண்டும். 4 அங்குலத்துக்கு மேல் பருத்த மரமென்றால் ஓரடி உயரத்தில்.

நர்சரிக்கு அளவுகோலோடு யார் போகிறார்கள்? ஒரு சணலைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மரத்துக்கு அந்தத் துண்டு தாய்மண்ணின் குறுக்கே நாலு முறை போனால் சரி. 1 அங்குலக் கன்று என்றால் ஐந்து முறை, 3, 4 அங்குலத்துக்கு மூன்றரை.

ஆனால் நம் கரையில் அளவு மட்டும் பார்த்தால் போதாது. நான் முதலில் வாங்கிய வேம்புக்கு அளவெல்லாம் சரியாகவே இருந்தது. மணலில் வளர்த்துத் தோண்டிய மரம் என்பதைத்தான் கவனிக்கவில்லை. குட்டி யானையிலிருந்து இறக்கும்போது ஆட்கள் தண்டைப் பிடித்துத் தூக்கினார்கள். சாக்குக்குள் மண் பொலபொலவென்று உதிர்ந்து, வேர் மட்டும் தொங்கியது. ஆனி மாதம் வேறு. கச்சான் காற்று மூன்றே வாரத்தில் மரத்தைச் சருகாக்கிவிட்டது. 2 அடி தாய்மண் நூறு கிலோவைத் தாண்டும். அடியில் படுதா கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும், தண்டில் கை வைக்கவே கூடாது.

அடுத்த தடவை களிமண்ணில் வளர்ந்த மரமாகப் பார்த்து, மழை தொடங்கிய பிறகு ஐப்பசியில் நட்டேன். தை பிறந்து மழை நின்றதும் தினமும் நாலு குடம் தண்ணீர் ஊற்றியும் இலை சுருண்டது. விரலை விட்டுப் பார்த்தேன். சுற்றியுள்ள மணல் சில்லென்று இருக்கிறது, உள்ளே தாய்மண் செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கிறது! நான் குழியின் ஓரத்தில் ஊற்றிய தண்ணீரெல்லாம் மணல் வழியே நேராகக் கீழே போயிருக்கிறது. புது வேர் மணலுக்குள் ஓடும்வரை மரம் குடிப்பது அந்த 2 அடி மண்ணிலிருந்துதான். அன்றிலிருந்து தண்டை ஒட்டிச் சிறு பாத்தி கட்டி, தாய்மண்ணின் தலையிலேயே மெதுவாக ஊற்றினேன். பிழைத்துக்கொண்டது.

குழியை ஆழமாகத் தோண்டாதீர்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் தரை மட்டத்தில் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு, கயிறு எதுவும் உள்ளே போகக் கூடாது. சணல் சாக்கென்றால் மேல்பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். பையில் வளர்ந்த மரமாக இருந்தால், வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டிவிட்டு நடுங்கள்.

வேம்புதான் வேண்டும் என்று இல்லையானால், பூவரசுக்கு இந்தச் செலவே கிடையாது. மழைக்காலத்தில் ஒரு போத்து வெட்டி ஊன்றினாலே வந்துவிடும்.