கடைசி இலக்கம் எங்கே? – வாசகர் கணிதக் கேள்விகள்

123456789 முதன்மை எண்ணா? (வாழைச்சேனை)
இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 45. அப்போதே 9ஆல் வகுபடும் என்று தெரிந்துவிடுகிறது. மீதமுள்ள 13717421உம் 3607 × 3803தான். பாடசாலையில் படித்த இலக்கச் சுட்டியை (இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் முறையை) மறந்துவிட்டு என்னிடம் எழுதலாமா?

என்னிடம் உள்ள பெரிய எண் 7ஆல் வகுபடுமா? (ஏறாவூர்)
எந்த எண்? எண்ணையே எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? முழு எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

2இன் 67ஆம் வலுவில் 1ஐக் கழித்தேன். விரிதாளில் கடைசி ஆறு இலக்கமும் பூச்சியம். அப்படியென்றால் 10 இலட்சத்தால் வகுபடும்தானே? (கல்லடி, உயர் தர மாணவர்)
தம்பி, 2இன் வலு எதுவும் இரட்டை எண். அதில் ஒன்றைக் கழித்தால் ஒற்றை எண். ஒற்றை எண் எப்படிப் பூச்சியத்தில் முடியும்? பார்த்த உடனேயே இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விரிதாள் 15 இலக்கம்வரைதான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூச்சியத்தால் நிரப்பிவிடும். உங்கள் எண்ணுக்கு 21 இலக்கம். உண்மையான விடை 147573952589676412927; நீங்கள் பார்த்தது 147573952589676000000. கடைசி இலக்கத்தைக் கையாலேயே காணலாம். 2இன் வலுக்களின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றி வரும். 67ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே 8. ஒன்றைக் கழிக்க 7. பேனா எடுத்து அரை நிமிடம்.

ரியூசன் வகுப்பில் வாரம் ஒரு பிள்ளையாவது கல்குலேட்டர் திரையைக் காட்டி "சேர், இதுதான் விடை" என்கிறது. திரையில் 10 இலக்கம் தெரிந்தால் எண்ணுக்கே 10 இலக்கம்தான் என்று நம்பிவிடுகிறார்கள். எனக்கு மனவருத்தம் தருவது இதுதான். வகுபடுதன்மை முழுவதும் கடைசி இலக்கம்வரை தெரிவதில்தான் இருக்கிறது. முன்னால் உள்ள 15 இலக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கல்லடித் தம்பி கேட்ட இந்த எண்ணை 1644இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் முதன்மை எண் என்று பட்டியலிட்டார். அது முதன்மை எண் அல்ல, சேர்த்தி எண் என்று 1876இல் கணிதவியலாளர் லூக்கா காட்டினார், ஆனால் காரணிகள் தெரியவில்லை. 193707721 × 761838257287 என்று 1903இல் கண்டு சொன்னவர் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல். மின்னணுக் கல்குலேட்டர் இல்லாத காலம் அது. இந்தப் பெருக்கலைத் தாளில் ஒருமுறை செய்து பாருங்கள், ஒரு இலக்கமும் விடாமல்.

மூன்று இலக்க எண்ணை இரண்டு தரம் எழுதினால் 7ஆல் வகுபடுகிறதே, ஏன்? (அக்கரைப்பற்று)
நல்ல கேள்வி. 482482 என்பது 482 × 1001. 1001 = 7 × 11 × 13. ஆகவே 11ஆலும் 13ஆலும்கூட வகுபடும்.

மிகப் பெரிய முதன்மை எண் எது? (திருக்கோவில்)
அப்படி ஒன்று இல்லை; முடிவே கிடையாது என்று யூக்கிளிட் நிறுவிவிட்டார். 2024இல் கண்டுபிடித்ததில் நாலு கோடி இலக்கத்துக்கு மேல்.

எனது 12 இலக்க அடையாள அட்டை எண் முதன்மை எண்ணா? (கல்முனை)
அந்த எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான். நீங்களே பாருங்கள். இரட்டை எண்ணாக இருந்தாலோ 5இல் முடிந்தாலோ அங்கேயே முடிந்தது. அப்படி இல்லாவிட்டால் பத்தில் ஒன்று முதன்மை எண்ணாக இருக்கும். உறுதிப்படுத்த வர்க்கமூலம்வரை, அதாவது நாலரை இலட்சம்வரை உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 37,000 சொச்சம். 2, 3, 5, 7ஆல் மட்டும் வகுத்துவிட்டு "முதன்மை எண்" என்று எழுதி அனுப்பாதீர்கள்.